முந்நூறு சதவீத டிப்போ

எங்கள் பஸ் டிப்போ மேனேஜர் கெட்டவர் இல்லை. அவருக்கு ஆண்டு வளர்ச்சி விகிதப் பைத்தியம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அந்தப் பைத்தியத்துக்கு பிரேக் கிடையாது என்பதை டிரைவராகிய நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

முதலில் எங்களிடம் ஒரே ஒரு பஸ். அடுத்த ஆண்டு இரண்டாவது வந்தது. நூறு சதவீத வளர்ச்சி! தலைமை அலுவலகம் மேனேஜருக்குக் கோப்பை கொடுத்தது. மூன்றாவது வந்த ஆண்டு ஐம்பது சதவீதம் என்றார்கள். ஒரு வாழ்த்துகூட இல்லை. நான்காவது வந்ததும் முப்பத்துமூன்று. "நூறுல இருந்து முப்பத்துமூணா? டிப்போவை இப்படிக் குட்டிச்சுவராக்கிட்டீங்களே!" என்று போனிலேயே மேனேஜரை வறுத்தெடுத்தார்கள். ஆண்டுக்கு ஒரு பஸ் கூடிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

அந்த நான்காவது பஸ்தான் மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போவது. என் மனைவி அங்கே நர்ஸ். அந்த பஸ்ஸை நம்பித்தான் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினாள். சாயங்காலம் இறங்கி வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளை வாரி எடுத்துக்கொள்வாள்.

ஒருநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் பல்.

"டிரைவரே, வழி கண்டுபிடிச்சுட்டேன். மூணு பஸ்ஸை ஒரு வருஷம் ஷெட்ல பூட்டப் போறேன். உங்க பஸ் மட்டும் ஓடும்."

"சார், அப்ப விகிதம் மைனஸ்ல போயிடாதா?"

"போகட்டுமே! முப்பத்துமூணு வந்தா சோம்பேறின்னு திட்டுவாங்க. மைனஸ் எழுபத்தஞ்சு வந்தா பாவம்னு உச்சுக்கொட்டுவாங்க. அடுத்த வருஷம் நாலையும் வெளிய எடுப்போம். ஒண்ணு நாலானா எவ்வளவு தெரியுமா? முந்நூறு சதவீதம்!"

"மலைக்கு என் பஸ் போகாதே, என் வீட்டுக்காரி எப்படி சார் வருவா? கைக்குழந்தை இருக்கு."

"ஒரு வருஷம்தானே, பல்லைக் கடிச்சுக்கங்க."

கெஞ்சினேன், கத்தினேன், ஒன்றும் எடுபடவில்லை. வேலையை விட்டால் வாடகைக்குத் திண்டாட வேண்டும். மனைவி ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்கிவிட்டாள். மாதத்துக்கொரு முறை மருந்து வேனில் தொற்றிக்கொண்டு வந்து போனாள். மகளை என் அக்கா பார்த்துக்கொண்டாள்.

அந்த ஆண்டு முழுக்க, மலை பஸ் தவிர மற்ற மூன்று பஸ் கூட்டமும் என் ஒரு பஸ்ஸில் ஏறியது. கண்ணாடியில் சாலை தெரியாது, முதுகுகள்தான் தெரியும். மற்ற மூன்று டிரைவர்களும் தினமும் சீருடையில் வந்து, ஷெட்டில் நிற்கும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, சாயங்காலம் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் பழக்கதோஷத்தில் வளைவு வரும் நேரத்துக்கு ஹாரன் அடிப்பார்.

மேனேஜர் சொன்னபடியே நடந்தது. மைனஸ் எழுபத்தைந்து என்றதும் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் துக்கம் விசாரிப்பது போல வந்து, அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டு நான்கு பஸ்ஸும் வெளியே வந்தன. முந்நூறு சதவீதம்! டிப்போவிலேயே மேடை போட்டு, முன்னதைவிடப் பெரிய கோப்பை கொடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வெட்கமாகத்தான் இருந்தது.

அன்று நான்காவது பஸ்ஸில் பெட்டியோடு வந்திறங்கிய என் மனைவி, மேடையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, நான் போறதுக்கு முன்னாடி எத்தனை பஸ்?"

"நாலு."

"இப்ப?"

"நாலுதான்."

"அப்ப எதுங்க வளர்ந்துச்சு?"

 பெட்டியை வாங்கிக்கொண்டு அவளோடு வீட்டுக்கு நடந்தேன்.

கதவைத் திறந்தது மகள். இந்த ஒரு வருஷத்தில் நடக்கக் கற்றிருந்தாள், பேசக் கற்றிருந்தாள், வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கவும் அக்கா பழக்கியிருந்தாள். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, பாதியைச் சிந்திக்கொண்டே அம்மாவிடம் நீட்டினாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"நீங்க எப்பப் போவீங்க?"