கீழ் லேனுக்கு ஆறு மீசைக்காரர்கள்

லாரிக்காரருக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. டயாலிசிஸ் என்றால் நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். ரத்தம் குழாய் வழியே மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்ப அவ்வளவு நேரம் பிடிக்கும். இவரோ பாதி தாண்டியதுமே நெளிய ஆரம்பித்துவிடுவார்.

"கண்டக்டரம்மா, என் ஸ்டாப்பிங் வந்தாச்சு. விசில் அடி, இறங்கிக்கறேன்."

கண்டக்டரம்மா என்று அவர் பேர் வைத்திருந்தது டெக்னீஷியனுக்கு. மெஷினை ஓட்டுவதும் கடைசியில் ஊசியைக் கழற்றுவதும் அவள் வேலை. அந்தக் கேலிக்கு அவள் ஒருநாளும் பதில் கொடுத்ததில்லை. பாதி வழியில் இறங்குகிற மனுஷனிடம் என்ன கேலி வேண்டிக்கிடக்கிறது? போன மாதம் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுக்குத் தவித்தபடி ஸ்ட்ரெச்சரில் வந்தார். இன்னொரு முறை இப்படி வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் மனைவி அதைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். லாரிக்காரர் கொட்டாவி விட்டார்.

இவரை முழுசாக உட்கார வைக்காமல் விடுவதில்லை என்று டெக்னீஷியன் அன்றைக்கே கங்கணம் கட்டிக்கொண்டாள். கெஞ்சினாள், கத்தினாள், டிவியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. கடைசியில்தான் மீன் தொட்டி யோசனை வந்தது.

வார்டுக்குள் தொட்டியா, கிருமி வரும் என்று பெரிய சிஸ்டர் ஒற்றைக்காலில் நின்றார். சரி, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வராந்தாவில், லாரிக்காரரின் நாற்காலிக்கு நேர் எதிரே வைக்கலாம் என்று முடிவாயிற்று. அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது.

"நோயாளிங்க பார்க்கற இடம். ஒரு மீன் செத்து மிதந்தாலும் அன்னைக்கே தொட்டி வெளியே போயிடும், சொல்லிட்டேன்."

அதில் நியாயம் இருந்தது. டெக்னீஷியன் தலையாட்டிவிட்டுத் தொட்டி வாங்கக் கிளம்பினாள்.

முதல் கோணல் அவள் பண்ணியதுதான். மெஷினுக்கென்று வார்டில் வடிகட்டுகிற தண்ணீரைவிடச் சுத்தமானது எங்கே கிடைக்கும் என்று அதையே தொட்டி நிறைய ரொப்பினாள். மீன் கடைக்காரி அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அதுல ஒரு சத்தும் இல்லையேம்மா. மீன் எப்படித் தாங்கும்?" அதே தண்ணீரில் உப்புகளைக் கலக்காமல் ஒரு நோயாளிக்கும் மெஷின் போடாதவள், மீன் என்றதும் கோட்டை விட்டுவிட்டாள். தன்னைத் தானே திட்டிக்கொண்டு, குளோரின் போகப் பிடித்துவைத்த குழாய்த் தண்ணீரை மாற்றினாள். மணல் பரப்பிச் செடி நட்டு, செடி வேர் பிடித்துத் தண்ணீர் பக்குவப்படும் வரை வாரக்கணக்கில் பொறுத்திருந்தாள். அப்புறம்தான் நீலமும் சிவப்புமாகப் பொடிப்பொடியான நியான் டெட்ரா மீன் கூட்டமும், மஞ்சள் குராமி மீன் ஒரு ஜோடியும் வந்தன.

"கொசுவுக்குப் பெயின்ட் அடிச்சு விட்டிருக்கே," என்றார் லாரிக்காரர். "பெரிய மீனாப் போடும்மா."

"ஒரு தடவை முழுசா உட்காருங்கண்ணே. அடுத்த மீன் உங்க இஷ்டம்."

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊசியைக் கழற்றியதும் அவர் கேட்டது ஆஸ்கார் மீன். ஓர் அடி நீளத்துக்கு வளர்கிற முரட்டு ஜாதி. டெக்னீஷியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அது வேணாம்ண்ணே. அதோட வாய்க்குள்ள எது நுழையுதோ அதெல்லாம் அதுக்குச் சாப்பாடு. செடியையும் பிடுங்கிப் போட்டுடும்."

"இஷ்டம்னு சொன்னியே?"

"யோசிக்காம சொல்லிட்டேன். தப்பு என்னோடதுதான். ஆனா இவ்வளவு உயிரைக் காவு கொடுக்க முடியாது."

அடுத்த முறை பாதியிலேயே இறங்கிக்கொண்டார். கடையில் ஆஸ்கார் தீர்ந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். பொய்யில் உட்கார வைத்தால் எத்தனை நாளைக்கு உட்காருவார்? அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

"வேற எது வேணா சொல்லுங்க. வாய் சின்னதா இருக்கணும், சாந்தமான குணம் வேணும், இந்தத் தண்ணி ஒத்துக்கணும், கூட இருக்கறவங்களை ஒதுக்கித் தள்ளக் கூடாது."

"எனக்குப் பொண்ணு கொடுக்கறப்பகூட யாரும் இவ்வளவு விசாரிக்கலையே!"

"விசாரிச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்," என்றாள் வாசலில் நின்ற அவர் மனைவி.

அன்றிலிருந்து முறைத்துக்கொண்டே தொட்டியைப் பார்க்க ஆரம்பித்தார். எழுந்திருக்கும் நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போயிற்று. ஒருநாள் அவராகவே கூப்பிட்டார்.

"இங்க பாரு. மேல் லேன்ல ரெண்டு மஞ்சள் வண்டி உருட்டிக்கிட்டுப் போகுது. நடு லேன்ல பொடிசுங்க பறக்குதுங்க. கீழ் லேன் காலி. அங்க ஓடறதுக்கு ஏதாவது இருக்கா?"

டெக்னீஷியனுக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. போனில் படம் காட்டினாள். விரல் நீளம்கூட இல்லாத குட்டிக் கெளுத்தி. யார் வம்புக்கும் போகாமல் மணலை முகர்ந்து திரியும். வாயின் இரு பக்கமும் மீசை.

லாரிக்காரர் தன் மீசையைத் தடவிக்கொண்டார். "நம்ம ஆளு. ஒண்ணு வாங்கு."

"ஒத்தையா விட்டா பயந்தே செத்துடும். ஆறு பேராவது வேணும்."

மீசைக்காரர்கள் வந்த அன்று லாரிக்காரர் ஏற்கெனவே நாற்காலியில் இருந்தார். கடைப் பையிலிருந்து மீன்களைத் தண்ணீரோடு ஒரு வாளிக்கு மாற்றி, காலாவதியான டிரிப் குழாய் ஒன்றைத் தொட்டியிலிருந்து வாளிக்குத் தொங்கவிட்டாள் டெக்னீஷியன். தண்ணீர் சொட்டத் தொடங்கியதும் கை கழுவிவிட்டு உள்ளே வந்தாள்.

"என்னம்மா, அதுங்களுக்கும் டயாலிசிஸா?"

"கடைத் தண்ணி வேற, நம்ம தண்ணி வேற. மெதுவாக் கலந்தாத்தான் உடம்பு தாங்கும்."

"ஒரே மூச்சாக் கொட்டினா?"

"கண்ணு முன்னாடியே போயிடும்."

"பாதியில நிறுத்தினா?"

சொல்ல அவளிடம் எவ்வளவோ இருந்தது. "அதுவும் ஆபத்துதாண்ணே," என்றாள்.

அவர் குனிந்து தன் கையில் செருகியிருந்த குழாயைப் பார்த்தார்.

மீன்களைத் தொட்டியில் விட்டதும் ஐந்து மணலில் இறங்கி முகர்ந்துகொண்டு போயின. ஆறாவது செடிப் புதருக்குள் பாய்ந்தது. அப்புறம் ஆளையே காணோம். பெரிய சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். லாரிக்காரரின் மனைவி தொட்டியின் முன் குந்தி இலை இலையாகத் தேடினாள். தேடிவிட்டுக் கணவன் பக்கம் திரும்பி ஐந்து விரலைக் காட்டினாள். மறுபடி தேடினாள், மறுபடியும் ஐந்து. அவர் வழக்கமாக இறங்கணும் என்று கத்துகிற நேரம் எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

மெஷின் மணி அடித்தது. நாலு மணி நேரம் முடிந்துவிட்டது. டெக்னீஷியன் கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள். மீன் செத்திருந்தால் தொட்டி இன்றோடு சரி.

லாரிக்காரர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "இரும்மா, விசில் அடிச்சுடாதே. இன்னும் ஒருத்தன் ஏறல."

அவள் மணியை நிறுத்திவிட்டு அவர் பக்கத்திலேயே நின்றாள். இலைக்கு அடியிலிருந்து முதலில் மீசை வந்தது, பின்னால் மீன் வந்தது. வெளியே அவர் மனைவி இரண்டு கையையும் தூக்கி ஆறு விரல் காட்டினாள்.

லாரிக்காரர் ஊசியைக் கழற்றக் கையை நீட்டினார்.

"போலாம், ரைட்," என்றாள் கண்டக்டரம்மா.