நான்கு சக்கர வாகனம்: உண்டு

"கூட்டத்துக்கு எவரும் வராததால், பட்டியல் குறித்துக் குடியிருப்போருக்கு ஆட்சேபனை ஏதும் இல்லை எனக் கொள்ளப்படுகிறது."

நோட்டீஸில் இருந்த இந்த வரியைக் காலனிக் குழாயடியில் நின்று மூன்று முறை சத்தமாகப் படித்தேன். மூன்றாவது முறை டீ வண்டி சடையன் மாமா காதைப் பொத்திக்கொண்டார்.

"போதும் ஓவியா. நீ எத்தினி தபா படிச்சாலும் அது மாறப் போறதில்ல."

எங்கள் காலனியின் நாற்பது ஓட்டு வீடுகளையும் இடித்துவிட்டு, அதே இடத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு கட்டப் போகிறார்கள். யாருக்கெல்லாம் வீடு என்ற பட்டியல் அந்த வரிக்குக் கீழே இருந்தது. பதினோரு குடும்பங்களுக்கு வீடு இல்லை. காரணம் என்ற கட்டத்தில் பதினொன்றுக்கும் ஒரே வாசகம்: 'நான்கு சக்கர வாகனம் வைத்திருப்பவர்.' ஆறாவது பெயர் கன்னியம்மாள், என் அம்மா. அவளிடம் இருப்பது எலுமிச்சை ஜூஸ் விற்கிற தள்ளுவண்டி.

அந்தப் பதினோரு விண்ணப்பங்களையும் நிரப்பியது நான்தான்.

'நான்கு சக்கர வாகனம் உண்டா, இல்லையா' என்றுதான் அதில் கேட்டிருந்தது. கார் என்ற சொல்லே இல்லை. நான் 'இல்லை'யில் பேனாவை வைத்ததும் அம்மா கையைப் பிடித்தாள்.

"நம்ப வண்டிக்கு எத்தினி சக்கரம்? நாலுதானே? இல்லைனு எழுதினா நாளைக்கு வண்டி உட எடம் கேக்க முடியாதுடி."

நியாயமாகத்தான் பட்டது. மடியில் ஒரு நாவல் கவிழ்ந்து கிடந்தது. அதில் பனியில் ஒரு ரயில் நின்றுபோயிருந்தது. அது கிளம்பியதா என்று தெரிந்துகொள்கிற அவசரத்தில் 'உண்டு' என்று போட்டேன். அம்மா சொன்னதைக் கேட்டு மற்ற வண்டிக்காரர்களும் விண்ணப்பத்தை நீட்டினார்கள். அவர்களுக்கும் 'உண்டு.'

ஆட்சேபனை சொல்வதற்குக் கூட்டம் வைத்தது உண்மைதான். பௌர்ணமி அன்று காலை பதினோரு மணிக்கு வைத்தார்கள். மாதத்தில் அந்த ஒரு நாள் எங்கள் காலனியில் நாய்கள் மட்டும்தான் இருக்கும். மற்ற எல்லோரும் கிரிவலப் பாதையில் எதையாவது விற்றுக்கொண்டிருப்போம். திருவண்ணாமலையில் ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு இதுகூடவா தெரியாது?

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினோரு வண்டிகளையும் தள்ளிக்கொண்டு திட்ட அலுவலகத்துக்குப் போனோம். "எப்படியும் வண்டியக் காட்டுனு கேப்பாங்க. நாமளே இட்டுனு போயிடலாம்" என்றார் சடையன் மாமா. செங்கம் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரர் வழிமறித்து, ஊர்வலத்தை நிறுத்தி ஜூஸ் குடித்தார். அம்மா அவருக்கு உப்பு ஜாஸ்தியாகப் போட்டுவிட்டாள். அவ்வளவு கோபம்.

உதவிப் பொறியாளர் புகழேந்தி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வண்டி நம்பர் சொல்லுங்கம்மா."

"இன்னா நம்பர்?"

"நாலு சக்கரம்னா ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் இருக்கும்ல?"

"சார், அது தள்ளுவண்டி" என்றேன். "ஜன்னல் வழியா பாருங்க, தெரியும்."

அவர் பார்க்கவில்லை. "இதுல உண்டுனு இருக்கு. மாத்தறதுக்குத்தான் கூட்டம் வெச்சோம். ஒருத்தர்கூட வரல."

"பௌர்ணமி அன்னிக்கு வெச்சா எப்படி சார் வருவோம்?"

"கவர்மெண்ட் லீவு இல்லையேம்மா அது."

அம்மா மேசைக்குப் பக்கத்தில் போனாள். "நீங்க வந்தீங்களா சார்?"

அவர் இப்போதுதான் தலையைத் தூக்கினார். தினமும் வேலூரிலிருந்து வந்து போகிறவர் அவர். "பஸ்ஸ ஊருக்கு வெளியிலயே நிறுத்திட்டான். அந்த ஜனத்துல நாலு கிலோமீட்டர் எங்கம்மா நடக்கறது?"

"அப்ப உங்களுக்கும் ஆட்சேபனை இல்லைனு எழுதிக்கலாங்களா?" என்றார் சடையன் மாமா.

பக்கத்து மேசை கிளார்க் சிரித்துவிட்டு, இருமியதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புகழேந்தி எழுந்து வெளியே வந்தது எங்களுக்காக அல்ல. சாப்பாட்டு நேரத்துக்கு ஜீப் கிளம்ப வேண்டும். அதற்குப் பின்னால் பதினோரு வண்டிகள் நின்றிருந்தன. "உடறதுக்கு வேற எடமில்ல சார்" என்றாள் அம்மா.

அவர் முதல் வண்டியைச் சுற்றி வந்தார். எலுமிச்சம்பழக் கூடை, சோடா பாட்டில், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் பார்த்தார். குனிந்து சக்கரங்களை எண்ணினார். நான்கு இருந்தன. எங்கேயாவது இன்ஜின் ஒளிந்திருக்குமோ என்பதுபோல் அடியிலும் பார்த்தார்.

"சரி, 'இல்லை'னு மாத்திடறேன். பதினோரு பேருக்கும் வீடு வந்துடும். மொதல்ல வண்டிய எடுங்க."

எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. யாரோ கைதட்டினார்கள். வண்டி உருளாமலிருக்கச் சக்கரத்தடியில் வைத்திருந்த கல்லை அம்மா எடுத்தாள். எடுத்தவள் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இல்லைனு மாத்தினா புது வீட்டாண்ட இத எங்க சார் உடறது?"

"அதுக்கெல்லாம் எடம் கெடையாதும்மா. கீழ பைக்குக்கு மட்டும்தான். பிளான் முடிஞ்சிடுச்சு."

"மூணாவது மாடிக்குத் தூக்கினு போவணுமா?"

"அத நீங்க கூட்டத்துல சொல்லியிருக்கணும்."

எந்தக் கூட்டம் என்று கத்த நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா குனிந்து கல்லைத் திரும்பச் சக்கரத்தடியில் வைத்தாள். மற்ற பத்துப் பேரும் அவளைப் பார்த்தார்கள். அவர்களும் வைத்தார்கள்.

"வீடு குடுத்து பொழப்ப புடுங்கினா எப்படி சார்? எனக்கு ஆட்சேபனை இருக்குது" என்றாள் அம்மா. அந்தச் சொல்லை அவள் பிசகில்லாமல் சொல்லி அன்றுதான் கேட்டேன். "எழுதிக்கோங்க."

"அதுக்குத் தனியா கூட்டம் வெக்கணும்மா."

"வைங்க."

புகழேந்தி ஜீப்பைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பெருமூச்சுவிட்டுப் பையிலிருந்து டைரியை எடுத்தார். பக்கங்களைப் புரட்டி ஒரு தேதியில் விரலை வைத்தார்.

"வர்ற இருபத்தாறாம் தேதி, காலைல பதினோரு மணி. சரியா?"

"பௌர்ணமி சார்!" என்று பதினோரு வண்டிக்காரர்களும் கத்தினார்கள்.

அவர் மறுபடியும் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். அம்மா காலால் அந்தக் கல்லை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.