டீமேக்கருக்கு ரோலர் அறை வைத்த பெயர்

நுவரெலியாவில் இருந்த அந்த மாற்றுத்திறனாளிகள் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. மனிதனுக்கு என்ன குறை இருந்தாலும் அதற்கு மெழுகுதிரி செய்யக் கற்றுக்கொடுத்தால் போதும் என்பதே அது. கண் தெரியாதவர் வந்தாலும் மெழுகுதிரி, கால் நடக்காதவர் வந்தாலும் மெழுகுதிரி. அதுவரை செய்து அடுக்கியவற்றைக் கொளுத்தித் தீர்க்க வேண்டுமானால் மாவட்டம் முழுக்க நாற்பது வருடம் கரண்ட் போக வேண்டும்.

இந்த நிலையத்தில், பயிற்சி முடித்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் உத்தியோகத்தராக பிரேமினி சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. உடப்புசல்லாவைத் தோட்டமொன்றில் பிறந்தவள். மழை வந்தாலும் வராவிட்டாலும் கையில் குடை இருக்கும். அதனால் காது கேளாத மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர்ச் சைகை, குடையை விரிப்பது. அவர்கள் பேச்சில் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு சைகைதான் பெயர். அதை முகத்துக்கு நேரே காட்டிக் கூப்பிடுவதுதான் மரியாதை. நிலையத்தின் பணிப்பாளர் முத்துலிங்கம் சேருக்கு, மூன்று முடியை இடமிருந்து வலமாகச் சீவுவது. தன்னை அப்படி அழைப்பதில் அவருக்குப் பெருமையே தவிர வருத்தமில்லை.

பெயர் வைப்பதில் மன்னன் சுதாகரன். கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்த பையன், வயது இருபத்து நான்கு, பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மெழுகுதிரி, கால்மிதி, கடித உறை என்று மூன்று சான்றிதழ் வாங்கியிருந்தான். மூன்றையும் தானே செய்த உறையில் போட்டு, தானே செய்த கால்மிதிக்கு அடியில் வைத்திருந்தான். வேலை மட்டும் கிடைத்தபாடில்லை.

இந்த நேரத்தில்தான் அவனுடைய தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை அரைக்கும் ரோலர் அறைக்கு ஆள் தேவை என்று பிரேமினிக்குத் தெரிய வந்தது. வெள்ளிக்கிழமை நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள்.

"போய்ப் பாருங்க பிரேமினி. கெடச்சா சந்தோஷம்," என்றார் முத்துலிங்கம் சேர். "கெடைக்காட்டி ஒண்ணும் கவலப்பட வேணாம். திங்கக்கெழம ஊதுபத்தி வகுப்பு தொடங்குது. அவன் பேர மொதல்லயே எழுதிட்டேன்."

பிரேமினி இதைக் கையால் சொன்னபோது சுதாகரனின் முகம் கறுத்தது. "இந்த ஸ்டோர் வேல எனக்கு வேணும் மிஸ்," என்று அவன் கைகள் சொன்னன. "எங்க தோட்டத்துல எல்லாரும் காலைல வேலைக்குப் போறாங்க. நான் மட்டும் வகுப்புக்குப் போறேன். தாடி வந்திருச்சு."

மூன்று நாள் பயிற்சி நடந்தது. பிரேமினி எதிரே அமர்ந்து அதிகாரிபோல முகத்தை வைத்துக்கொண்டாள். முதல் விதி, எதிரில் இருப்பவரைப் பெயர் சொல்லி வணங்க வேண்டும், அதுவும் பெரிதாக, தெளிவாக, சிரித்த முகத்துடன். இதை இருபது தடவை செய்யவைத்தாள். பிறகு, "உங்களுடைய பலவீனம் என்ன?" என்று கேட்டாள்.

"மெழுகுதிரி," என்றான் சுதாகரன்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டோர் அலுவலகத்தில் டீமேக்கர் செல்லசாமி அவர்களை உட்காரச் சொன்னார். தேயிலைத் தயாரிப்பு முழுக்க அவர் பொறுப்பு. வயிறு முன்னால் போய்க்கொண்டிருக்க, காற்சட்டை கீழே போய்க்கொண்டிருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதை இரு கையாலும் பிடித்து, ஒரு சின்னத் துள்ளலோடு மேலே ஏற்றிவிடுவார். அவர் பெயருக்கு என்ன சைகை என்று தெரியாததால் சுதாகரன் கும்பிட்டதோடு நிறுத்திக்கொண்டான்.

"பையன் நல்ல பையன்தான் மிஸ். இவங்க அப்பாவ எனக்குத் தெரியும். ஆனா காது கேக்காதவன ரோலர் ரூமுல விட்டா எப்பிடி? அங்க மணி இருக்கு. ரோல் முடிஞ்சா அடிப்போம், ஆபத்துன்னா அடிப்போம். இவனுக்கு எப்பிடிக் கேக்கும்?"

"வேற வழி ஏதாவது செய்யலாங்களே ஐயா?"

"எனக்குப் பாவமா இருக்கு. ஆனா இது பாவம் பாக்குற வேல இல்ல."

சுதாகரன் பிரேமினியைப் பார்த்தான். அவள் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. 'பாவம்' என்று சொல்லும்போது மனிதர்களின் தலை சாயும் கோணத்தை அவன் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம் செய்திருந்தான். ஊதுபத்தி வாசம் இப்போதே மூக்கில் ஏறியது போலத் தும்மினான்.

"சரிங்க ஐயா, வந்ததுக்கு உள்ள ஒருக்கா காட்டுங்க. பாத்துட்டுப் போறோம்," என்றாள் பிரேமினி.

ரோலர் அறைக் கதவைத் திறந்ததும் சத்தம் வந்து முகத்தில் அறைந்தது. வரிசையாக ரோலர்கள் கொழுந்தைப் போட்டு அரைத்துச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் சல்லடை குலுங்கியது, மேலே காற்றாடி உறுமியது. டீமேக்கர் அவள் பக்கம் திரும்பி நீளமாக ஏதோ விளக்கினார். வாய் அசைந்தது, மீசை அசைந்தது, ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. அவள் "என்னங்க ஐயா?" என்று கத்தினாள். அவளுக்கே அது கேட்கவில்லை.

ஆனால் அறையில் வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. இறுகிய யூனிபார்முக்குள் எல்லாரும் மூச்சைப் பிடித்தபடி வேலை செய்தார்கள். கடைசி ரோலரில் நின்ற அழகன் என்ற மூத்த தொழிலாளி உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினார். அடுத்த ரோலர்க்காரர் மூடியை இறக்கினார். ஒருவர் விரல்களை மழைபோல உதிர்த்தார், மேலேயிருந்து கொழுந்து வந்து விழுந்தது. இன்னொருவர் கன்னத்தில் கை வைத்து, பிறகு கோப்பையைச் சாய்த்துக் காட்ட, நாலு பேர் சிரித்தார்கள். முதல் நாள் இரவு யாரோ எங்கேயோ விழுந்து தூங்கிய கதையாக இருக்க வேண்டும்.

சுதாகரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பிறகு அவனும் சிரித்தான். அந்த அறையில் யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாத ஒரே ஆள் தான்தான் என்பது பிரேமினிக்கு அப்போது உறைத்தது.

சுவரைப் பார்த்தாள். டீமேக்கர் சொன்ன மணி அங்கே இருந்தது. அதன் சுத்தியல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் திரும்பவில்லை. அவள் டீமேக்கரின் தோளைத் தட்டி மணியைக் காட்டினாள். அவர் அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் ஆட்களைப் பார்த்தார். கடைசியில் கையை அகல விரித்து ஆட்டினார். உடனே நாலு பேர் திரும்பி ரோலரை நிறுத்தினார்கள்.

அவர் காற்சட்டையை ஏற்றிவிட்டுக்கொண்டார். சுதாகரனைக் காட்டி, அழகனைக் காட்டி, பத்து விரலையும் விரித்தார். பத்து நிமிடம் நிற்கட்டும். அதற்குள் அவருடைய பையில் போன் அதிர, வெளியே போனார்.

ரோலர்கள் மறுபடி ஓடத் தொடங்கின. பத்து நிமிடத்தில் சுதாகரன் மூடியை ஏற்றினான், இறக்கினான். அழகனோடு குடும்பக் கதை பேசினான். ரோலர் அறையின் சைகைகள் பாதியையும் கற்றுக்கொண்டான். அவற்றில் மிக முக்கியமான சைகை, டீமேக்கர் வருகிறார் என்பதைச் சொல்லும் சைகை.

டீமேக்கர் திரும்பி வந்தார். பிரேமினி கற்றுக்கொடுத்த முதல் விதி சுதாகரனுக்கு நினைவு வந்தது. அவன் இரண்டடி முன்னே போய், நேராக நின்று, சிரித்த முகத்துடன் அவரைப் பெயர் சொல்லி வணங்கினான். இல்லாத வயிற்றை முன்னே தள்ளினான். காற்சட்டையை இரு கையாலும் பிடித்தான். பெரிதாக, தெளிவாக, ஒரு துள்ளலோடு மேலே ஏற்றினான்.

ரோலர்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. அழகன் கூரையை ஆராயத் தொடங்கினார். ஒருவர் குனிந்து, கீழே கிடக்காத எதையோ பொறுக்கினார். டீமேக்கர் அறை முழுவதையும் மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அவனையும் பிரேமினியையும் வெளியே வரும்படி விரலை அசைத்தார்.

முற்றத்தில் அமைதி காதை அடைத்தது.

"அது நான்தானா?" என்றார் டீமேக்கர், தன் நெஞ்சில் விரலை வைத்து.

பிரேமினி பொய் சொல்ல ஆயத்தமானாள். ஆனால் சுதாகரன் அதற்குள் ஆமென்று தலையை ஆட்டிவிட்டான்.

"பதினோரு வருஷம் மிஸ். நான் உள்ள நொழைஞ்சாப் போதும், எல்லாரும் இதயே செய்வாங்க. நான் என்ன நெனச்சேன்? இவனுங்களுக்குக் குடுத்த யூனிபார்ம் பெருசா இருக்கு, கால்சட்ட கழண்டு விழுதுன்னு நெனச்சேன். மூணு டெய்லர மாத்திட்டேன். ஒவ்வொரு வருஷமும் ஒரு அங்குலம் கொறைச்சுத் தைக்கச் சொன்னேன்!"

பிரேமினிக்கு ரோலர் அறைக்காரர்கள் ஏன் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்தபடி வேலை செய்தார்கள் என்பது விளங்கியது.

"வேற என்னென்ன சொல்றானுங்க என்னப் பத்தி? கேளுங்க அவன."

அவள் கேட்டாள். சுதாகரன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கைகளை அசைத்தான். அதைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பிரேமினி நினைத்தாள். ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லக் கூடாது என்பது அவளுடைய தொழில்.

"சொல்ல மாட்டானாம் ஐயா. வேல கெடச்சா அவங்கல்லாம் கூட வேல செய்யிறவங்களாம். கெடைக்காட்டி அடுத்த லயத்து மனுசங்களாம். எப்பிடிப் பாத்தாலும் அவங்களக் காட்டிக் குடுக்க ஏலாதாம். ஆனா ஐயாவப் பத்தி ஐயா மொகத்துக்கு நேரா மட்டுந்தான் பேசுவானாம்."

டீமேக்கர் அவனை நேராகப் பார்த்தார். இந்த முறை தலை சாயவில்லை.

"பதினோரு வருஷத்துல எனக்கு வெளங்குற மாதிரி பேசின மொத ஆளு இவன்தான்," என்றார். "திங்கக்கெழம காலைல பேர் பதியிற பெரட்டுக்கு வரச் சொல்லுங்க. அந்த மணியக் கழட்டிட்டு ஒவ்வொரு ரோலருக்கும் மேல செவப்பு பல்பு போடணும். இவனுக்காக இல்ல மிஸ். எங்க எல்லாருக்குந்தான்."

சுதாகரன் பிரேமினியின் குடையைப் பிடுங்கி, வெயிலில் விரித்து, முற்றத்தில் ஒரு சுற்று ஆடினான்.

செய்தி கேட்டு முத்துலிங்கம் சேர் மகிழ்ந்தார். பிறகு, ஊதுபத்தி வகுப்பில் ஓர் இடம் காலியாகிவிட்டதே என்று மூன்று முடியையும் தடவிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பிரேமினி ஸ்டோர் வாசலுக்குப் போனாள். பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு சுதாகரன் வந்தான். புது யூனிபார்ம் கக்கத்தைக் கடித்ததில் கையை முழங்கைக்கு மேல் தூக்க முடியவில்லை. ஆகவே வாழ்க்கையில் முதல்முறையாகச் சுருக்கமாகப் பேசினான்.

"பேரு வச்சுட்டாங்க மிஸ்."

"யாரு?"

"உள்ள இருக்கிறவங்க. நான் இவ்வளவு நாளும் என்ன செஞ்சேன்னு அழகண்ண கேட்டாரு. சொன்னேன். உடனே வச்சுட்டாங்க."

"என்ன பேரு?"

அவன் ஒரு விரலை நேராக நிறுத்தினான். அதன் நுனியை 'பூ' என்று ஊதி அணைத்தான். பிறகு, ஊரிலேயே பெரிய பட்டம் வாங்கியவன் போல, இறுகிப்போன சட்டைக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனான். முதல் பொத்தான் அங்கேயே தெறித்தது.