ஐந்நூறு கிலோமீட்டர் மூச்சு

அதியமான்கோட்டை நிசார் அகமது சிலிண்டரைக் கடைந்து போர் போட்டுக் கொடுக்கும் பைக் எதுவானாலும், முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அது மூச்சு வாங்குவது அவர் மனைவி வஹிதாவின் நெஞ்சில். வண்டி தொப்பூர்க் கணவாய் ஏறினால் அவள் வெங்காயம் நறுக்கியபடியே இரைப்பாள். அணைத்தால் சொந்த மூச்சு திரும்பிவிடும். டாக்டர் வாயுத்தொல்லை என்று மாத்திரை எழுதினார். ஐந்நூறு தாண்டினால் வண்டி அவளை விட்டுவிடும் என்பதால், வீட்டு முன்னறையில் போரிங் மிஷின் ஒன்பது வருடமாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. வண்டி எடுக்க வருகிறவர்களிடம், "ஐந்நூறு வரைக்கும் நாப்பதைத் தாண்டாதீங்க" என்று நிசார் கெஞ்சுவார்.

உட்சுவரை ஹோனிங் கல்லால் உரசி வழவழப்பாக்கி முடித்த சிலிண்டர் சூட்டில் கொஞ்சம் விரிந்து நிற்கும். மறுநாள் வரை ஆறவிட்டு அளப்பதுதான் அவர் வழக்கம். போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, வத்தல்மலை விவசாயி தீர்த்தகிரி வாசலை விட்டு நகரவில்லை. "மழைக்கு முன்ன மலையேறணுங்க பாய்." ஜும்மாவுக்கும் நேரமாகிவிட்டது. நிசார் சூட்டோடு அளந்தார், சரியாக இருந்தது, பிஸ்டனைப் பூட்டிக் கொடுத்துவிட்டார். தொழுகையின் பாதியில்தான் உறைத்தது. ஆறினால் சிலிண்டர் சுருங்கும், பிஸ்டன் இறுகும்.

ஓடி வந்தபோது வஹிதா சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னங்க, ஆறவிட்டுத்தானே அளந்தீங்க?" அவர் போனை எடுத்து அழைத்தார். தீர்த்தகிரியின் போன் மலையில் எடுக்கவில்லை. ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி, அணைக்காமலே, ஓட்டத்தில் இறுகி நின்றிருக்க வேண்டும்; வஹிதாவின் மூச்சும் அங்கேயே நின்றது.

பக்கத்து வீட்டு சாலம்மாள் முகத்தில் தெளிக்கச் சொம்புத் தண்ணீரோடு வந்தாள். "ஊத்தாதீங்கம்மா, சூட்டுல விரிசல் விட்டுரும்," என்று நிசார் தடுத்துவிட்டு, பிஸ்டன் வந்த அட்டைப்பெட்டியைப் பிய்த்து விசிறினார். தன் அவசரத்தால் அவளைக் கொன்றுவிட்டோம் என்றே நினைத்தார். பதினோரு நிமிடம் கழித்து அவள் உடம்பு மூன்று முறை உலுக்கியது. மூன்றாவது உலுக்கலில் மூச்சு வந்தது. மலையில் தீர்த்தகிரி வண்டியை மரத்தடியில் ஆறவிட்டு மூன்று உதை உதைத்தாராம்.

மறுபடி ஹோனிங் செய்து கொடுத்தும் அந்த வண்டி மட்டும் ஐந்நூறு தாண்டியும் வஹிதாவை விடவில்லை. விற்றுவிடுகிறேன் என்றார் தீர்த்தகிரி. வஹிதா ஒப்பவில்லை. "வாங்குற ஆளு எப்படி ஓட்டுவானோ. நீங்களே வெச்சுக்குங்கண்ணா." இப்போது மலையேறும்போதெல்லாம் அவர் பாதி வழியில் வண்டியை அணைத்துவிட்டு ஒரு பீடி பிடிக்கிறார். கீழே வஹிதா அந்த நேரம் பார்த்து உட்கார்ந்து டீ குடிக்கிறாள்.