மீனில்லா மீன் குழம்பில் ஒரு சிட்டிகை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, பட்டியலாகப் பிறந்தது. ஞாயிறு இணைப்பிதழின் ஆசிரியர் செம்மல் ஒருநாள் போன் செய்தார். "பாண்டியில புதுசா தொறந்த சைவ ஓட்டல், வீகன் ஓட்டல் எல்லாத்தையும் பத்தி ஒரு பக்கம் குடுங்க சார். சாம்பார் மட்டும் வேணாம்" என்றார். அல்வா சாப்பிடுகிற மாதிரி வேலை. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறுதோறும் நானும் என் மனைவி ஆன்-மரியும் புதிய சைவ ஓட்டல்களைத் தேடித்தான் அலைகிறோம்.

ஜீவகாருண்யம் என்று நினைத்து எங்களைக் கும்பிட்டுவிடாதீர்கள். ஆன்-மரிக்கு எறா ஆகாது. சின்ன வயதில், கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று நடந்த விருந்தில், எறா வறுவல் தின்று முகம் வீங்கி, மூச்சு முட்டி, செத்துப் பிழைத்தவள். அன்றோடு எறா, நண்டு, மீன், கருவாடு எதுவும் அவள் இருக்கிற வீட்டுப் படியேறவில்லை. அசைவ ஓட்டலில் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய், ஒரே கரண்டி. ஆகவே சைவம்தான் அவளுக்குக் கதி. ஊரில் ஒரு வீகன் ஓட்டல் திறந்தால் அவளுடைய உலகம் நாலு நாற்காலி அளவுக்குப் பெரிதாகும்.

2

பட்டியல் கதையாக மாறியபின் மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்களில் காகிதப்பூ..." (வேண்டாம். அந்தச் சுவர்களைப் பற்றி எழுதாத ஆள் யார்?)

"வாழைப்பூவுக்கும் வஞ்சிரத்துக்கும் உள்ள உறவு..." (என்ன உறவு? எனக்கே தெரியவில்லை.)

"அன்றைக்கு மட்டும் அவள் கேட்கவில்லை."

இதுதான் சரி. எந்த ஓட்டலுக்குப் போனாலும் ஆன்-மரி உட்காருவதற்கு முன் நேரே சமையல்கட்டு வாசலுக்குப் போவாள். "எறா, நண்டு, மீனு ஏதாச்சும் உள்ள வருதா?" என்று கேட்பாள். சுத்த சைவ ஓட்டலிலும் கேட்பாள். அடிக்க வருவதுபோல் பார்ப்பார்கள், கவலைப்பட மாட்டாள். கைப்பையில் அவசர ஊசி ஒன்று எப்போதும் இருக்கும். பிரான்சில் இருக்கும் அவள் தம்பி ழான்-லூக் அனுப்புவது.

அன்றைக்கு அந்தப் புது ஓட்டலில் (பெயரைச் சொல்லமாட்டேன், தெருவையும் சொல்லமாட்டேன்) பலகையைப் படித்தாள். பால் இல்லை, தயிர் இல்லை, தேன்கூட இல்லை.

"தேனே வராத எடத்துல எறாவா வரப்போகுது?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

3

முதலாளி மொர்கான் என்ற இளம்பெண். பாரிசில் வளர்ந்து, ஊருக்குத் திரும்பிய தமிழ்க் குடும்பம். முதல் வரைவில் அவளைக் கொஞ்சம் கேலியாக எழுதியிருந்தேன்: நார்ச்செருப்பு, யோகா, மாட்டுக்காகக் கண்ணீர். (அடித்துவிட்டேன். நிஜத்தில் அவள் மேசை துடைத்தாள், தண்ணீர் ஊற்றினாள், கூட்டம் சேர்ந்தபோது பாத்திரமும் கழுவினாள். கேலிக்கு அகப்படவே இல்லை.)

"மீனில்லா மீன் கொழம்பு இருக்கு. வாழைப்பூவும் கடற்பாசியும். நம்ம சமையல் அக்காவோட கை" என்றாள்.

அந்த விருந்துக்குப் பின் ஆன்-மரி மீன் குழம்பை மோந்து மட்டுமே வளர்ந்தவள், ருசி மறந்தே போயிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்துவதற்கு முன் ஒரு மூச்சு இழுத்துக்கொள்வாள். அன்று முதல் கவளத்திலேயே நிறுத்திவிட்டாள். "இதுதானாங்க அது?" என்று கேட்டாள். இதுதான் அது. எனக்குத் தெரியும், நான் மீன் தின்று வளர்ந்தவன். அச்சு அசலாக அதுவேதான். அவள் இரண்டாம் கிண்ணம் வாங்கி வழித்துத் தின்றுவிட்டு, சமைத்தவருக்கு நன்றி சொல்ல எழுந்தாள். நானும் பின்னால் போனேன்.

(வாசகரே, உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை.)

4

சமையல்காரம்மா புஷ்பமேரி, அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். பாராட்டில் பூரித்துப்போனார். கல்லாப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கிட்ட சொல்றதுக்கு இன்னாம்மா. அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி வெறும் பூவும் பாசியும் போட்டா கொழம்பு செத்துக் கெடக்குது. அதான் சென்னாக்குன்னிய வறுத்துப் பொடி பண்ணி டப்பாவுல வச்சிருக்கேன். ஒரு சிட்டிகதான் போடுவேன்."

சென்னாக்குன்னி என்பது பொடி எறா, காயவைத்தது. உள்ளூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆன்-மரியின் கை தொண்டைக்குப் போனது. நான்

(இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள்.)

"இன்னா சார் கத்துறீங்க?" புஷ்பமேரிக்கு முகம் வெளிறிவிட்டது. "தவக்காலத்துலயே மீனு துண்ணலாம்ன்றாங்க, கறிதான் கூடாது. நான் இன்னா ஆட்டையா வெட்டிப் போட்டேன்?"

சத்தம் கேட்டு ஓடிவந்த மொர்கான் விஷயம் விளங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா... நான் தெனமும் டேஸ்ட் பண்றேனே! நல்லாருக்கு நல்லாருக்குன்னு ரெண்டு கரண்டி குடிக்கிறேனே! மோன் தியோ, கடவுளே!" பள்ளிக்கூடத்திலேயே முட்டையை விட்டவளாம் அவள். அந்தச் சின்ன இடத்தில் இரண்டு பெண்கள் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், வெவ்வேறு காரணங்களுக்காக.

5

இங்கிருந்து கதை எங்கே வேண்டுமானாலும் போகலாம். போய்ப் பார்த்தேன்.

முடிவு அ: பெரிய மார்க்கெட் நெரிசலில் ஆட்டோ சிக்கிக்கொள்ள, அவள் தலை என் தோளில் சாய்கிறது. இரண்டு பக்கம் எழுதி, நானே அழுதேன். ஆன்-மரி படித்தாள். "என்னக் கொன்னுட்டு மேல உங்க பேரப் போட்டுக்குவீங்களா?" என்று கேட்டாள். கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: புஷ்பமேரி சும்மா பெருமைக்காகச் சொன்னார், குழம்பில் ஒன்றுமே இல்லை. "அந்தக்காவ ஏன் பொய்க்காரியாக்குறீங்க? நான் டப்பாவத் தொறந்து மோந்து பாத்தேன்" என்றாள் ஆன்-மரி. அதுவும் போயிற்று.

6

நடந்தது இதுதான். ஆட்டோவில் அவள் ஊசியின் மூடியைக் கழற்றித் தொடைமேல் வைத்திருந்தாள். வேகத்தடை வரும்போதெல்லாம் "மூச்சு வருதா?" என்று கேட்டேன். "வருது" என்றாள். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள், விரலில் கிளிப் மாட்டினார்கள், காத்திருந்தோம். தடிப்பு இல்லை, அரிப்பு இல்லை. ஒரு தும்மல்கூட இல்லை. சாயங்காலம் டாக்டர் கமலவேணி வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"எறா ஒத்துக்காதுன்னு யாரு டெஸ்ட் பண்ணிச் சொன்னது?"

ஆன்-மரி என்னைப் பார்த்தாள். "மாமான் சொன்னாங்க" என்றாள். அம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அவர் காலமாகிப் பல வருடம்.

"அன்னிக்கி விருந்துல வேற என்னல்லாம் சாப்ட்டீங்க?"

யாருக்குத் தெரியும்? கேக் இருந்திருக்கும், முந்திரி இருந்திருக்கும், கலர்த் தண்ணீர் இருந்திருக்கும்.

"இன்னிக்கி ஒண்ணும் ஆகலன்றதால அலர்ஜி இல்லன்னு சொல்லிட முடியாது. அளவு கம்மியா இருந்திருக்கும். மொதல்ல டெஸ்ட் எடுக்கலாம். அப்பறம் இங்கயே, எங்க கண்ணு முன்னாடி, கொஞ்சங் கொஞ்சமா எறா சாப்ட வச்சுப் பாக்கலாம். வீட்ல விஷப்பரீட்ச பண்ணாதீங்க."

7

உயிர் பிழைத்த சந்தோஷம் எங்கே என்று கேட்பீர்கள். நானும் தேடினேன். முதலில் வந்தது கோபம். அப்படியென்றால் இத்தனை வருடம் நான் வஞ்சிரம் தின்னாமல் இருந்தது எதற்கு? தேங்காய்த்திட்டு மீன் துறைமுகத்தில் ஏலம் போடுகிற சத்தம் கேட்டாலே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேனே! (சிரிக்காதீர்கள். ரொம்ப அற்பமான கோபம்தான். ஆனால் அதுதான் முதலில் வந்தது.)

வீட்டுக்கு வந்தும் ஆன்-மரி பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"எனக்கு பிரான்சுல, மர்செய்ல வேலை கெடச்சுதே, ஞாபகம் இருக்கா, சொல்லிருக்கேன். துறைமுக ஊரு, எங்க பாத்தாலும் மீனு, செத்துப்போயிடுவன்னு மாமான் போக வுடல. அதனாலதான் இங்க நம்ம பாண்டி மேட்டுப்பாளையத்துல சோப்புக் கம்பெனிக்கு வந்தேன்."

"ஆமா."

"மாமான் பயந்து சொன்னாங்களா? இல்ல, என்னைப் பக்கத்துல வச்சுக்கணும்னு சொன்னாங்களா?"

இந்தக் கேள்வியை நான் கற்பனை செய்யவில்லை. நானாக இருந்தால் இவ்வளவு கொடூரமாக யோசித்திருக்க மாட்டேன். இடி என் தலையில்தான் விழுந்தது. ஏனென்றால் அந்த சோப்புக் கம்பெனியில்தான் நான் அவளைப் பார்த்தேன். அவள் மர்செய் போயிருந்தால் அவளுக்கு நான் இல்லை. இந்தக் கதையிலேயே நான் இல்லை. ஒரு அம்மாவின் வாய்வார்த்தையில் நிற்கிற கல்யாணம் என்னுடையது!

8

மொர்கான் ஓட்டலை மூடிவிட்டு, நடந்ததை அப்படியே எழுதி வாசலில் ஒட்டினாள். புஷ்பமேரியை அனுப்பவில்லை, டப்பாவை மட்டும் அனுப்பினாளாம். செம்மலிடம் பட்டியல் வராது என்று சொல்லிவிட்டேன்.

டெஸ்ட் எடுத்தார்கள், அப்படியும் இல்லை இப்படியும் இல்லை என்று வந்தது. பிறகு எறா சாப்பிடவைத்துப் பார்க்கும் நாளும் வந்தது. உள்ளே போகும்முன் ஆன்-மரி என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"எது வரணும்னு வேண்டிக்கப் போறீங்க?"

"உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான்" என்றேன்.

பொய். அவள் போனதும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் வேண்டிக்கொண்டது வேறு. ஒரு சின்னத் தடிப்பு வரட்டும். கையில், காசு அளவு. அம்மா சொன்னது நிஜமாகவும், அவள் இங்கே தங்கியது நியாயமாகவும் ஆகும் அளவுக்கு மட்டும். கட்டின மனைவிக்கு நோய் கேட்டு வேண்டினேன்! அதைவிட அதிர்ச்சியான எதையும் இந்தக் கதையில் என்னால் எழுத முடியாது.

(அவள் இந்தப் பத்தியைப் படித்தாள். அதை அடித்துவிடச் சொல்லவில்லை. நானும் அடிக்கவில்லை.)

9

வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்தேன். எழுத்தாளன் என்ற பேர்தான், ஒன்றும் படிக்கத் தெரியவில்லை. முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள், தோலும் தெரியவில்லை.

"என்ன ஆச்சு?"

"பசிக்குது. வாங்க, போலாம்."

"ஆன், டாக்டர் என்ன சொன்னாங்க?"

ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் முன்னால் நடந்தாள். அங்கே நின்று திரும்பினாள்.

"என் வாயில என்ன போகணும்னு மாமான் முடிவு பண்ணாங்க. அப்பறம் நீங்க. அப்பறம் அந்தக்கா. இன்னிக்கி அந்த டாக்டரம்மா. போதும். உள்ள என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரிய வேணாம்."

"எனக்குக்கூடவா?"

"உங்களுக்குத்தான் மொதல்ல. நீங்க எழுதிடுவீங்க."

ஆகவே, வாசகரே, எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்துவிட்டேன், கெஞ்சிப் பார்த்துவிட்டேன். போன ஞாயிறும் ஒரு புது ஓட்டலுக்குப் போனோம். எது என்று சொல்லவும் அவள் அனுமதிக்கவில்லை. உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். தடிப்போடு எழுதினாலும் சரி, தடிப்பில்லாமல் எழுதினாலும் சரி.

எழுதியதை அவளிடம் மட்டும் காட்டாதீர்கள்.