வலக்கன்னத்துப் பொட்டு

எந்தப் பொருள் இடம்பெயர்ந்தாலும் எதிரே நின்று கைகாட்டாமல் பொன்னுரங்கத்தால் இருக்க முடியாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுநருக்குச் சைகை காட்டியே பணிக்காலம் முழுவதையும் கழித்தவர். ஓய்வு பெற்றபின், காலடிப்பேட்டை வீட்டில் பீரோவை நகர்த்தினால் அவர் கை உயரும். குக்கரை இறக்கினாலும் உயரும். கொடுக்கை ஆட்டித் தானே அலைகளைக் கரைக்கு அழைத்து வருவதாக நம்பிய நண்டு ஒன்று கதையில் வந்தால், அதற்குத் தம் பெயரையே வைக்கலாம் என்று அவரே சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டு மறுபடியும் கையை உயர்த்துவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை கார்குழலி தன் கைக்குழந்தைகளோடு வந்திருந்தாள். இரட்டையர், ஒரே அச்சு. அறிவுக்கு வலக்கன்னத்தில் மைப்பொட்டு, செங்குட்டுவனுக்கு இடக்கன்னத்தில். வீட்டாருக்கு அதுதான் அடையாளம். பிள்ளைகளைக் கொஞ்சவென்றே பெரம்பூரிலிருந்து பட்டம்மாள் அத்தையும் வந்திருந்தாள்.

"அறிவு குடிச்சிட்டான். செங்குட்டுவனுக்கு மட்டும் பாலாடைல ஊட்டிடு அத்தே" என்று சொல்லிவிட்டுக் கார்குழலி குளிக்கப் போனாள். அத்தை பாலெடுக்க உள்ளே போனாள்.

தனித்திருந்த தாய்மாமனுக்குப் பாசம் பொங்கிவிட்டது. குனிந்து இரண்டு பிள்ளைகளையும் முத்தமிட்டார். அவருடைய முரட்டு மீசை இரு பொட்டுகளையும் துடைத்துக்கொண்டு போனது. சுவரோரம் கிடப்பவன் அறிவு என்பது நினைவிருந்தது. மைச்சிமிழை எடுத்து, அவனுக்கு வலப்பக்கம், இவனுக்கு இடப்பக்கம் என்று யாரும் பார்ப்பதற்குள் வைத்துவிட்டார்.

அத்தை வந்து, இடப்பொட்டுக்காரனை மடியில் போட்டு ஊட்டினாள். வலப்பொட்டுக்காரன் வீறிட்டான்.

"குடிச்ச புள்ள இன்னாத்துக்கு இப்டி கத்துது?" என்றார், சத்தம் கேட்டு வந்த கார்குழலியின் கணவர் ரவிக்குமார்.

"கண்ணு பட்டுக்கீது" என்று பொன்னுரங்கத்தின் மனைவி செங்கொடி உப்பைச் சுற்றிப் போட்டாள். பொன்னுரங்கம் எல்லோருக்கும் கைகாட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் அத்தையின் மடியிலிருந்தவன் குடித்ததையெல்லாம் கக்கிவிட்டான்.

"இன்னா அத்தே, அளவு தெரியாம ஊத்திக்கீறியே! கை நடுங்குதுன்னா சும்மா குந்திக்கினு இருக்கக்கூடாதா?" என்று எரிந்து விழுந்தார் பொன்னுரங்கம்.

அத்தை பாலாடையைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது. "இனிமே இந்தப் புள்ளைங்கள நான் தொடல, நைனா." பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

ஈரத்தலையோடு வந்த கார்குழலி, கக்கியவனைத் தூக்கித் துடைத்தாள். "அண்ணே, இவன் அறிவு! குதிகால்ல மச்சம் பாரு. பொட்ட யாரு மாத்துனது?"

செங்கொடி கணவரை உற்றுப் பார்த்தாள். "இன்னாயா இது, மீசைல மை?"

எதிரே இருப்பவனின் வலது தமக்கு இடது என்பதை மறந்திருந்தால், துறைமுகத்தில் ஒரு பெட்டிகூட உரிய லாரியில் இறங்கியிருக்காது. முழ நீளப் பிள்ளைகளுக்கு முன்னால் மறந்துவிட்டார்! நண்டுக்குக்கூட இந்தப் பெயர் வேண்டாம் என்று தோன்றியது.

செருப்பில்லாமல் தெருமுனைக்கு ஓடினார். அத்தை ஏறிய ஷேர் ஆட்டோ புறப்பட்டுக்கொண்டிருந்தது. குறுக்கே நின்று கையை உயர்த்தினார். வண்டி நின்றது. அன்று அவர் காட்டிய சைகைகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.

"அத்தே, உன் கை நல்லாதான் கீது. பொட்ட மாத்தி வெச்சது நான்தான். உன்மேல எரிஞ்சி வுழுந்தது தப்பு. மன்னிச்சிக்க."

ஆட்டோவிலிருந்தவர்கள் அத்தனை பேரும் அவருடைய மீசையையே பார்த்தார்கள்.

"பசியோட கீறது யாரு?" என்றாள் அத்தை.

"செங்குட்டுவன்."

"அத மொதல்ல சொல்ல மாட்டே?" அத்தை இறங்கினாள்.

வீட்டில் எல்லோர் முன்னாலும் அதையே மறுபடி சொன்னார். பிறகு பாலாடையைக் கழுவிக் கொடுத்து, மைச்சிமிழையும் நீட்டினார். "எனக்கும் ஒண்ணு வையி அத்தே. தப்பு பண்ணவன் எவன்னு அடையாளம் தெரியட்டும்."

"எந்தக் கன்னத்துல?"

"அந்தப் பேச்சே வேணாம். நீயா பாத்து வையி."

அத்தை சிரித்துக்கொண்டே அவர் கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். செங்குட்டுவன் சப்புக்கொட்டிக் குடிக்கத் தொடங்கினான். மெதுவாக ஊட்டு என்று சொல்லப் பொன்னுரங்கத்தின் கை உயர்ந்தது. அதைப் பிடித்து இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.