தைம் வாசனை, பத்துக்கு எத்தனை

ரூபனின் மூக்கு வேலை செய்யாமல் போய் அந்த வெள்ளிக்கிழமையோடு இருநூற்றுப் பதினொரு நாள். கோப்பெங் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கித் தலையில் அடி. மற்றதெல்லாம் தேறிவிட்டது, வாசனை மட்டும் திரும்பவில்லை. ஈப்போவில் ஒரு கஃபேயில் அவன் சமையல்காரன். சமையல்காரனுக்கு மூக்கு போனால் மிச்சம் என்ன இருக்கிறது? முதலாளி வேறு ஆள் வைக்காமல் காத்திருந்தார். வரும் திங்கட்கிழமை வந்து சமைத்துக் காட்டச் சொல்லியிருந்தார்.

தங்கை ஷாமினி அறிவியல் பட்டதாரி. கையுறைத் தொழிற்சாலையில் தரச் சோதனை வேலை. அண்ணனிடம் ‘கவலைப்படாதே’ என்று சொல்லக்கூட அவளுக்குக் கூச்சம். அதற்குப் பதிலாக தைம் என்ற மேல்நாட்டு மூலிகைச் செடி ஒன்றை வாங்கி வந்தாள். சிக்கன் சாப்புக்கு சாஸ் காய்ச்சும்போது அவன் விரலால் நசுக்கிப் போடும் அதே இலை. தினமும் ஒரே வாசனையை முகர்ந்து பழகினால் சிலருக்கு மூக்கு மெல்லத் திரும்பும் என்று படித்திருந்தாள்.

வீடு மூன்றாவது மாடி. சமையலறை ஜன்னலுக்கு எதிரே சுண்ணாம்பு மலை. வெயில் பத்து மணிக்கு எட்டிப் பார்த்துப் பன்னிரண்டுக்குள் போய்விடும். வெளிச்சம் போதாவிட்டால் தைம் நீண்டு மெலிந்து வாசனை குறைந்துவிடும். எல்இடி விளக்கு ஒன்றைச் செடிக்கு ஒரு சாண் மேலே கட்டினாள். மண்ணில் பாதி மணல் கலந்தாள். விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

அம்மா இருளாயிக்கு அது பொறுக்கவில்லை.

“துளசிக்கு தினம் ஊத்துறேன், நல்லாத்தானே வளருது. இந்த வெள்ளக்காரத் துளசிக்கு மட்டும் என்ன பவுசு?”

“ஊத்தாதீங்கம்மா. வேர் அழுகிடும்.”

வேலை முடிந்து வந்ததும் ஓர் இலையை நசுக்கி அவன் மூக்கருகே நீட்டுவாள். “பத்துக்கு எத்தனைண்ணே?” முதல் இரண்டு மாதம் சைபர்தான். மூன்றாம் மாதம், அவன் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய அன்று மாலை, “லேசா வருதுலா. ஒண்ணு போடு” என்றான். அவள் நோட்டில் எழுதினாள். பிறகு இரண்டு. விளக்கைப் பதினான்கு மணி நேரமாக்கிய வாரம் மூன்று. ஐந்து வந்த அன்று குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

எதைச் சோதித்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் ஒரு வெற்றுத் தட்டையும் வை என்பது கல்லூரியில் கற்ற முதல் பாடம். இருந்தும் இலையில்லாத விரலை அவள் ஒருநாளும் அவன்முன் நீட்டியதில்லை.

அந்த வாரம் ஐந்து நாள் பயிற்சிக்குப் பினாங்கு போயிருந்தாள். வெள்ளி மாலை திரும்பிக் கதவைத் திறந்ததுமே புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது. அம்மா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிங்க்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரப்பர் தோட்டத்தில் இருபது வருடம், உறைந்து நாறும் கட்டிப்பால் சுமந்தவள் அவள்.

“காலைலேருந்து கழுவுறேன், போக மாட்டேங்குது.”

ஷாமினி விளக்கடிக்குப் போனாள். மேலே இலைகள் இன்னும் பச்சைதான். மண் நொதித்திருந்தது. தொட்டியின் கீழ்த்தட்டில் வெள்ளையாகத் தண்ணீர்.

“என்னம்மா ஊத்துனீங்க?”

“வாடிக் கெடந்துச்சுடி. அரிசி களஞ்ச தண்ணிதான், சத்துதானே. காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ.”

காலையிலேயே கடைக்குப் போயிருந்த ரூபன் படியேறி வந்தான். கையில் திங்கட்கிழமைக்கு வாங்கிய புது ஏப்ரன்.

“வந்துட்டியா, டாக்டரம்மா? அஞ்சு நாளா டெஸ்ட் இல்லாம மூக்கு துருப்புடிச்சுப் போச்சு.”

அவள் தடுப்பதற்குள் தொட்டியை அப்படியே தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டான். கண்ணை மூடி, ஆழமாக இழுத்தான்.

“நல்லா அடிக்குது. ஏழு போடு.”

ரூபன் கண்ணைத் திறந்தான். தங்கையின் கையில் நோட்டு இல்லை. அம்மாவின் மூக்கில் துண்டு இருந்தது. அவன் கீழ்த்தட்டைக் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு தொட்டியை விளக்கடியிலேயே திரும்ப வைத்து, நேராக இருக்கிறதா என்று சரிசெய்தான்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரிலேருந்து வந்தப்ப நீ ஒக்காந்து மணல் சலிச்சுக்கிட்டு இருந்தே,” என்றான். “அதப் பாத்ததும் சொல்ல வாயே வரல.”

“என்னண்ணே?”

“டாக்டர் மூணாவது மாசமே சொல்லிட்டாரு, ஷாமி. நரம்பு அறுந்து போச்சு. இனிமே வராது.”